டிக்கி அம்மாவுக்கு, சீட்டுக்கடி வூஃபருக்கு

எங்கள் காரின் டிக்கி எனக்குச் சொந்தமில்லை, அது அம்மாவுடையது. சென்னையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வருஷத்தில் நாலைந்து தடவை போய்வருகிறோம். போகும்போது டிக்கி காலி. திரும்பும்போது இரண்டு அரிசி மூட்டை, ஒரு சாக்குத் தேங்காய், எண்ணெய் டின், கருப்பட்டி, இருந்தால் ஒரு வாழைத்தார். 'இதெல்லாம் மெட்ராஸில் கிடைக்காதா' என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அந்த வருஷம் ஒரு மூட்டை கூடுதலாக வந்தது.

இந்த நிலைமையில்தான் எனக்கு வூஃபர் ஆசை, அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர் மேல் ஆசை பிடித்தது. ஆபீஸ் நண்பர் ஒருவரின் காரில் பாட்டுக் கேட்டேன். டிக்கியில் 12 இன்ச் வூஃபர். உறுமி அடிக்கும்போது நெஞ்சுக்கூட்டில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. எங்கள் வண்டி 2018 மாடல் ஸ்விஃப்ட். கதவு ஸ்பீக்கரில் குரல் நன்றாகவே கேட்கும், ஆனால் அடித்தளம் இருக்காது. தவிலை அடுத்த தெருவிலிருந்து கேட்பது மாதிரி.

அடுத்த வாரமே ஒரு கடையில் அதே 12 இன்ச் பெட்டியை வாங்கி மாட்டிவிட்டேன். அளவு எடுக்கவில்லை. "டிக்கியை அளந்தீங்களா?" என்று மனைவி கேட்டபோது, "அதெல்லாம் உள்ளே போகும்" என்றேன். போனது, உண்மைதான். பெட்டியின் வெளி அளவு 60 செ.மீ. நீளம், 38 உயரம், 36 ஆழம். பெருக்கினால் 80 லிட்டருக்கு மேல். அந்த மாடல் ஸ்விஃப்டின் டிக்கி மொத்தமே 268 லிட்டர். கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குதானே போயிற்று என்று தோன்றும். ஆனால் மிச்சம் இருப்பது சதுரமான இடமில்லை. பெட்டிக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே ஒரு சந்து. சந்தில் சூட்கேஸ் நிற்காது, மூட்டை படுக்காது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். டிக்கியைத் திறந்து பார்த்த அம்மா, "என்னல இது, கல்லாப்பெட்டிய தூக்கி உள்ள வச்சிருக்க?" என்றாள். அப்புறம் வழக்கமான சாமான் எதையும் குறைக்காமல் ஏற்றினாள். அரிசி மூட்டைகள் பின் சீட்டில், மகளின் காலுக்குக் கீழே. தேங்காய்ச் சாக்கு மட்டும் அந்தச் சந்தில், வூஃபரின் முகத்துக்கு நேரே. விழுப்புரம் தாண்டி முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. நானும் மிதித்தேன். பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் எந்தப் பாட்டைப் போட்டாலும் 'பர்ர்ர்' என்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், முன்னால் இருந்த கம்பி வலை உள்ளே ஒடுங்கி, வூஃபரின் கூம்பு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அதை எப்போது சொன்னாலும் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சொல்லாமல் விடும் பகுதி இது: அந்தப் பெட்டியைக் கடையில் எதிலும் கட்டவில்லை. அடியில் ஒட்டும் பட்டை, அவ்வளவுதான். 18 கிலோ எடையுள்ள மரப்பெட்டி நகர்ந்து பின் சீட்டின் முதுகில் இடித்திருந்தது. சீட்டின் பின்பக்கத்தில் அதன் முனை பதிந்த குழி தெரிந்தது. அந்தச் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று இரவே பெட்டியைக் கழற்றிப் பால்கனியில் வைத்துவிட்டேன்.

ஆனாலும் பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த ஒலியின் ருசி கண்ட காது சும்மா இருக்குமா? இரண்டு மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை எதையும் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, ஸ்பீக்கர் செய்கிறவர்கள் 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று ஒன்றைச் சொல்கிறார்கள் என்பது. கே.எல்.ஹெச். ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் உள்ள 'ஹெச்' அவர்தான். விதி எளிமையானது. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், ரொம்ப ஆழமான பேஸ் வர வேண்டும், கொஞ்சம் கரண்டிலேயே சத்தமாகப் பாட வேண்டும் என்ற மூன்றில் ஏதாவது இரண்டுதான் கிடைக்கும். மூன்றும் தருவதாக விளம்பரம் சொன்னால் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

நான் 12 இன்ச்சோடு வாங்கி வந்தது ஆழமும் சத்தமும். விலையாகக் கொடுத்தது இடம். இடத்தைத் திரும்பக் கேட்டால் மற்ற இரண்டில் எதையாவது விட வேண்டும். எதை விடுவது என்று யோசித்தபோதுதான் காரே ஒரு கை கொடுக்கிறது என்பது புரிந்தது.

அது எப்படி என்று என் அறிவுக்கு எட்டியபடி சொல்கிறேன். ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் போகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 50 தடவை அதிரும் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். காருக்குள் முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் அரை அலைகூட உள்ளே அடங்காது. அப்போது வூஃபர் செய்வது அலை அனுப்பும் வேலையில்லை, பலூனை அமுக்கி விடுவது போல உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் ஒன்றாக அமுக்கி விடுவது. இதனால் ஸ்வரம் கீழே இறங்க இறங்க, காருக்குள் சத்தம் தானாகவே கூடிக்கொண்டு போகும். கணக்குப்படி ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). கதவும் கூரையும் கொஞ்சம் அதிர்ந்து கொடுப்பதால் நிஜத்தில் அவ்வளவு வராது.

இதன் மறுபக்கம், காற்று வெளியேறாமல் மூடிய பெட்டியில் உள்ள வூஃபர் தன் எல்லைக்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் அதே 12 டெசிபல் குறையும். ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. வீட்டு ஹாலில் வைத்தால் சோப்ளாங்கியாகக் கேட்கும் ஒரு சின்னப் பெட்டி, சின்னக் காருக்குள் ஆளே மாறிப்போவது இதனால்தான். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தலாம் என்று 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் செய்து காட்டியது வீட்டு ஸ்பீக்கருக்காக. அந்த யோசனை இன்று என் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் எனக்குச் சாதகமாக இருந்தது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம். அப்படியென்றால் வூஃபர் டிக்கியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. டிக்கியில் வைப்பது பழக்கம், அவ்வளவுதான்.

சரி, வேறு எங்கே வைப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு காருக்குள் இறங்கினேன்.

பின் சீட்டுக்கு அடியில் முடியாது, அங்கே பெட்ரோல் டேங்க். டிக்கியின் பக்கவாட்டில், சக்கர வளைவுக்குப் பின்னால் ஒரு குழி உண்டு. அதன் வடிவத்துக்கே ஃபைபர் கிளாஸில் வார்த்துப் பெட்டி செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அழகு. ஒரு லிட்டர் இடம்கூட வீணாகாது. ஆனால் டெயில் லேம்ப் பல்பு மாற்றக் கை நுழைகிற வழி அதுதான். அதை அடைத்துவிட்டு வார்த்த பெட்டியை அண்ணா நகரில் ஒரு வண்டியில் பார்த்தேன். பல்பு போனால் வூஃபரைக் கழற்ற வேண்டும். தவிர, அந்த வண்டிக்கு வார்த்தது அந்த வண்டிக்கு மட்டும்தான். காரை விற்றால் அதுவும் கூடவே போகும்.

ஸ்டெப்னிக் குழியைப் பற்றி ரொம்ப நாள் யோசித்தேன். ஸ்டெப்னியின் நடுப் பள்ளத்தில் உட்காரும் வட்ட வூஃபர்கள் இருக்கின்றன. ஜே.பி.எல். கம்பெனியின் பேஸ்ப்ரோ ஹப் அப்படிப்பட்டது, 11 இன்ச், தொடர்ந்து 200 வாட் தரக்கூடியது. டிக்கியின் தரை அப்படியே இருக்கும், சத்தமும் சீட்டுக்கடி வகையை விட நிறையவே வரும். சாமான் குறைவாக ஏற்றுகிற குடும்பத்துக்கு இதைத்தான் சொல்வேன். வாங்கும் முன் ஸ்டெப்னி உள்ளே எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது, நடுப் பள்ளம் எத்தனை செ.மீ. ஆழம் என்று அளந்துவிடுங்கள். எனக்குத் தயக்கம் வேறு. ராத்திரி 2 மணிக்குக் கோவில்பட்டிப் பக்கம் பஞ்சர் ஆனால் முதலில் அரிசி மூட்டைகளை இறக்க வேண்டும், அப்புறம் வாழைத்தார், அதற்கும் அப்புறம் வூஃபர், கடைசியாகத்தான் டயர். ரோட்டோரம் ஒரு மளிகைக் கடையே போட்டுவிடலாம்.

மிஞ்சியது முன் சீட்டின் அடிப்பகுதி. அங்கே வைப்பதற்கென்றே, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உள்ளேயே அமைந்த 8 இன்ச் தட்டை வூஃபர்களைப் பல கம்பெனிகள் செய்கின்றன. பெரும்பாலும் வார்ப்பு அலுமினிய உடல், உயரம் சுமார் 7 செ.மீ. நான் பார்த்தது 34 செ.மீ.க்கு 25, உயரம் 7. மொத்தம் 6 லிட்டர்! 80 லிட்டரிலிருந்து ஆறுக்கு இறங்குகிறோம்.

வாங்கவில்லை. ஒரு சேலைப் பெட்டியின் அட்டையை வெட்டி, டேப் ஒட்டி, அதே அளவில் ஒரு பொம்மைப் பெட்டி செய்து சீட்டுக்கு அடியில் வைத்து ஒரு வாரம் வண்டி ஓட்டினேன். இந்த முழுக் கதையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் இது ஒன்றுதான். செலவு பூஜ்யம். தெரிந்துகொண்டது நிறைய. சீட்டை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பின்னால் தள்ளினால் அடியில் உள்ள கம்பி அட்டையின் வலது மூலையை நசுக்கியது. பின் சீட்டில் உட்காரும் மாமனாரின் கால் விரல்கள் தினமும் அட்டையின் பின்புறத்தை உதைத்திருந்தன. மகளின் செருப்பு, ஒரு பென்சில், பாதிக் கடலை மிட்டாய் எல்லாம் அட்டைக்கு மேலே போய்ச் சேர்ந்தன. நிஜ வூஃபராக இருந்தால் எல்லாம் அதிர்ந்துகொண்டிருக்கும். அட்டையை 4 செ.மீ. முன்னால் நகர்த்தி, கொஞ்சம் கோணமாக வைத்ததும் எல்லாச் சிக்கலும் தீர்ந்தன. நிஜப் பெட்டிக்கான திருகு ஓட்டைகளை அந்த அட்டையை வைத்துத்தான் குறித்தோம்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். கட்டு அறுந்து பெட்டி முன்னால் வழுக்கி வந்தால் அது நிற்கும் இடம் பிரேக் பெடல். தண்ணீர் பாட்டில் உருண்டு போனாலே ஆபத்தான இடம் அது. எங்களுடையது இடது முன் சீட்டுக்கு அடியில், நாலு மூலையிலும் பிராக்கெட் போட்டு இறுக்கியிருக்கிறது.

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிக் கேட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் வாட்டைப் பார்க்க வேண்டாம். உள்ளே, சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஓர் எண் இருக்கும், அதுதான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. என்னுடையதில் 75. பெரிய எழுத்தில் இருந்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே.

மாட்டும் வேலைக்கு எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் பாயிடம் போனேன். பழைய 12 இன்ச் ஒயரிங்கைப் பிரித்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சார், ஃபியூஸ் எங்க இருக்கு பாருங்க." பேட்டரியிலிருந்து நாலு மீட்டருக்கு மேல் பவர் ஒயர் ஓடி, டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் ஃபியூஸ். ஆம்பைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று நானும் நினைத்திருந்தேன். ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது ஒயரை. நடுவில் எங்காவது ஒயரின் தோல் உரசித் தேய்ந்து பாடியில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் தள்ளும். ஃபியூஸ் கடைசியில் இருந்தால் அது போகாது, ஒயர்தான் பழுக்கும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஆம்ப் இருந்தால் பானெட்டைத் திறந்து இதை மட்டுமாவது இன்றைக்கே பாருங்கள்.

ஒயரிலும் ஒரு ஏமாற்று இருந்தது. பழைய ஒயரின் முனையை பாய் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய ஒயர். அதே தடிமனுள்ள சுத்தச் செம்பை விட இது குறைவாகத்தான் கரண்ட் கடத்தும். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டிலுமே ஒட்டாது. சுரண்டித்தான் பார்க்க வேண்டும், அல்லது கையில் தூக்கினால் எடை சொல்லிவிடும்.

சின்ன வூஃபரால் இங்கேயும் லாபம். 75 வாட் ஆம்ப், 80 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டால், வண்டி ஓடும்போது உள்ள 13.8 வோல்ட்டில் முழுச் சத்தத்துக்கும் ஏறத்தாழ 7 ஆம்பியர்தான் இழுக்கும். பழைய 300 வாட் ஆம்பின் கணக்கு 27 வரும். விரல் தண்டி ஒயர் தேவையில்லை. கூடவே வந்த செம்பு ஒயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போதுமாக இருந்தன. எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் வழிக்குப் புதிதாக ஓட்டை போடவில்லை. ஏற்கெனவே கம்பெனி ஒயர்கள் நுழையும் ரப்பர் வளையத்திலேயே இதையும் நுழைத்தோம். தகரத்தின் விளிம்பில் நேராக ஒயர் பட்டால் ஒரு வருஷத்தில் அறுத்துவிடும்.

சீட்டுக்கு அடியில் கை வைப்பதற்கு முன் பாய் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடிக்கக் கூட்டிப்போனார். டீக்காக மட்டுமில்லை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருந்தால் அவை ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டவை. பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே சற்று நேரம் சார்ஜ் நிற்கும். சில நிமிஷம் பொறுக்க வேண்டும். அந்த ஒயர்களை இழுக்கவோ, அவற்றோடு சேர்த்து வேறு ஒயரைக் கட்டவோ கூடாது.

காரோடு வந்த கம்பெனி மியூசிக் செட்டை மாற்ற எனக்கு மனமில்லை. ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்கள் வேலை செய்ய வேண்டும், வாரண்டிப் பேச்சும் வரக்கூடாது. அதனால் செட்டின் பின்புறம் முன் ஸ்பீக்கருக்குப் போகும் லைனிலிருந்தே வூஃபருக்கு சிக்னல் எடுத்தோம். ஒயரை வெட்டவில்லை, நடுவில் கப்ளர் (இணைக்கும் பிளக்) போட்டோம், நாளைக்குக் கழற்றினாலும் தடயம் தெரியாது. இந்த மாதிரி ஸ்பீக்கர் லைனையே வாங்கிக்கொள்ளும் வசதி வூஃபரில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பவர் ஒயர் வண்டியின் ஒரு பக்கமாகவும், சிக்னல் ஒயர் நடுவிலோ மறுபக்கமாகவோ வர வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் இரைச்சல் வரும்.

எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்தால், எனக்கும் இரைச்சல் வந்தது. காதுக்குள் கொசு போன மாதிரி ஒரு 'ஙீஈஈ'. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கொசுவும் சுருதி ஏறியது. எஞ்சினோடு சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம். ஒயரெல்லாம் சரியாகத்தான் போயிருந்தது. அரை மணி நேரம் தேடிய பிறகு பிடிபட்டது எர்த். சுலபமாக இருக்கிறதே என்று சீட் ரெயிலின் போல்ட்டில் எர்த் கொடுத்திருந்தோம். அந்த போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட். அதற்கு மேலேயும் பெயிண்ட். பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் கார்ப்பெட்டுக்கு அடியில் வேறொரு இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு வளைய டெர்மினல் வைத்து முறுக்கி, துருப் பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினோம். எர்த் ஒயர் ஒரு முழம்கூட இல்லை. கொசு போயே போயிற்று. சீட், சீட் பெல்ட் போல்ட்டுகளை எர்த்துக்கு எடுக்கக்கூடாது என்பதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. அவற்றின் இறுக்கத்தில் கை வைப்பது நம் வேலையில்லை.

அன்று மாலை பாட்டைப் போட்டேன். ஏமாற்றமாக இருந்தது. சத்தம் இருந்தது, அடி இல்லை. எல்லாப் பாட்டிலும் ஒரே 'ம்ம்ம்'. ஆசைப்பட்டு கெயினை முழுக்கத் திருப்பி வைத்திருந்தேன். பேஸ் பூஸ்ட் என்று ஒரு குமிழ், அதையும் முழுக்க. இரண்டும் சேர்ந்தால் சாம்பாரில் பெருங்காய டப்பாவே விழுந்த மாதிரிதான்.

செட் செய்வதற்குப் பொறுமை வேண்டும், வேறொன்றும் வேண்டாம். பூஸ்ட்டை பூஜ்யத்தில் வைத்தேன். செட்டில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில். செட்டின் வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றிக்கொண்டு, வூஃபரின் கெயினைக் கீழிருந்து மெல்ல மெல்ல உயர்த்தி, சத்தம் கரகரக்கத் தொடங்கியதும் கொஞ்சம் பின்வாங்கி நிறுத்தினேன். கெயின் வால்யூம் குமிழ் இல்லை, செட்டும் ஆம்பும் ஒத்துப்போவதற்கான அளவு. பிறகு வூஃபரின் மேல் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். 120-இல் வைத்தால் பாடகரின் குரலே சீட்டுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய மாற்றம் ஒரு சின்ன ஸ்விட்சால் வந்தது. 0, 180 என்று போட்ட ஃபேஸ் ஸ்விட்ச். கதவு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும் அதே நொடியில் வூஃபர் பின்னே இழுத்தால், இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மனைவியை இடது பக்கக் கதவருகே குனிந்து ஸ்விட்சை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். நான் டிரைவர் சீட்டில், வழக்கமாக உட்காருகிற மாதிரி. எந்தப் பக்கம் போட்டால் பேஸ் அதிகமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. எங்கள் வண்டியில் 180. ஸ்விட்ச் மாறியதும் அடி எழுந்து வந்து டாஷ்போர்டில் உட்கார்ந்துகொண்டது. "இதுக்கா ஒரு மணி நேரம் குனிய வச்சீங்க?" என்றாள். இருபது நிமிஷம்தான்.

கதவு ஸ்பீக்கர்களை ஆழமான பேஸிலிருந்து விடுவிப்பதும் முக்கியம். சின்னக் கூம்பு 50 ஹெர்ட்ஸுக்காகத் துள்ளிக்கொண்டிருந்தால் குரலும் சேர்ந்து குழறும். நல்ல செட்டாக இருந்தால் அதிலேயே கீழ்ப்பகுதியை வெட்டலாம். என் செட்டில் அது இல்லை. ஒவ்வொரு முன் ஸ்பீக்கருக்கும் வரிசையில் ஒரு 400 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டர் போட்டோம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை மெதுவாக வெட்டும். அது வூஃபருக்கு சிக்னல் பிரிகிற இடத்துக்கு அப்புறம் வர வேண்டும், முன்னால் போட்டால் வூஃபருக்கும் பேஸ் போகாது.

இனி மிச்சம் அதிர்வு. போனில் டோன் ஆப் ஒன்றைப் போட்டு 30-இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போக, வண்டி ஒவ்வோர் இடமாகத் தன் பல்லைக் காட்டியது. 44-இல் நான் ஆசையாக வாங்கி மாட்டிய நம்பர் பிளேட் ஃப்ரேம். 52-இல் பார்சல் ட்ரே. 61-இல் எங்கிருந்தோ ஒரு கிணுகிணுப்பு. இரண்டு நாள் கழித்து, கியர் பாக்ஸ் பக்கத்துக் குழியில் 5 ரூபாய் நாணயமும் நெயில் கட்டரும் கிடைத்தன. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் பட்டை, ட்ரேயின் விளிம்பில் ரப்பர் பீடிங். முன் கதவுகள் இரண்டிலும் உள்பக்கத் தகரத்தில் அதிர்வை அடக்கும் 2 மி.மீ. பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டி, பெரிய ஓட்டைகளையும் அதனாலேயே மூடினோம். தண்ணீர் வடிய கதவின் அடியில் உள்ள துளைகளை மட்டும் மூடிவிடக்கூடாது. பணம் பத்தாது, வூஃபரா டேம்பிங் ஷீட்டா என்று யாராவது கேட்டால், முதலில் கதவுக்கு ஷீட் ஒட்டுங்கள் என்றுதான் சொல்வேன். பாதிப் பேருக்கு வூஃபர் ஆசை அதிலேயே அடங்கிவிடும்.

வைத்த நாளிலிருந்து எனக்கு மழையைப் பற்றிய பயம் இருந்தது. கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் தரையில் இருக்கிற பெட்டி என்ன ஆகும்? அதற்காக அடியில் ஒரு செ.மீ. ரப்பர் கட்டைகள் வைத்தேன். மழைக்காலம் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் வந்தது மே மாதத்தில், அக்னி நட்சத்திர வெயிலில்! ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீர் வெளியே போகிற சின்னக் குழாய் அடைத்துக்கொண்டு, இடது பக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் சத்தமில்லாமல் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. நனைந்த சாக்கு நாற்றம் வந்த பிறகுதான் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். கார்ப்பெட்டைப் பிழிந்தால் ஒரு மக் தண்ணீர். ரப்பர் கட்டைகள் இருந்ததால் பெட்டி தப்பியது. எர்த் போல்ட்டில் மட்டும் லேசாகத் துரு. ஏ.சி. போட்டு வண்டி நிற்கும்போது அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று இப்போதெல்லாம் குனிந்து பார்க்கிறேன். சொட்டாவிட்டால்தான் கவலை. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது வூஃபரையும் மதிப்பு போட்டுச் சேர்த்துவிட்டேன். கம்பெனியோடு வராத எலெக்ட்ரிக்கல் சாமானை நாமே சொல்லிச் சேர்த்தால்தான் அதற்குக் கணக்கு உண்டு.

12 இன்ச் அளவுக்கு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. 8 இன்ச் கூம்பின் பரப்பு 12 இன்ச்சில் பாதிகூட வராது. ஒரே அளவு சத்தத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் கூம்பு நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். தட்டைப் பெட்டியில் அதற்கு இடமேது? 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே என் வூஃபர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது. நண்பரின் காரில் வரும் அந்த நெஞ்சுத் தள்ளல் இதில் வராது, சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோ திரும்பிப் பார்க்காது. ஆனால் வழக்கமான நாலு தந்தி பேஸ் கிடாரின் மிக ஆழமான தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். நான் கேட்கிற பாட்டுகளில் அந்தத் தந்தி எங்கே நடக்கிறது, எங்கே நிற்கிறது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. பழைய பெட்டியில் அது ஒரே இரைச்சலாகத்தான் வந்தது, அப்போது அதைத்தான் நான் பேஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன். டிக்கியில் இரண்டு மூட்டை, தேங்காய், எண்ணெய் டின் எல்லாம் வழக்கம்போல. மூட்டை ஏற்றிய டிக்கியில் பார்சல் ட்ரேகூட முனகவில்லை. கங்கைகொண்டான் தாண்டியதும் பாட்டைப் போட்டேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சீட்டின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்துக்கொண்டு, "ஏல, வண்டிய நிறுத்து. அடியில எதோ உறுமுது, பூனகீன ஏறிட்டா?" என்றாள். விளக்கிச் சொன்னேன். குனிந்து பார்க்க முயன்றாள், முடியவில்லை. "அப்ப டிக்கில அந்தப் பெட்டி இல்லையா?" இல்லை என்றேன்.

"மொதல்லயே சொல்லப்பிடாதா? அந்த மாங்கா மூட்டைய வாசல்லயே வச்சிட்டு வந்துட்டனே."